சித்திரைக் கணக்கு

"லாபம்" என்று சொல்லித்தான் எங்கள் பெரியப்பா எண்ணத் தொடங்குவார். ஒன்று என்ற எண்ணுக்கு அவருடைய கடையில் இடம் கிடையாது. லாபம், ரெண்டு, மூணு என்று மூட்டைகளை எண்ணிக்கொண்டு போவார். பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாக நிற்கிற பையன் லாபத்துக்கு நேரே 1 என்று போட வேண்டும். அந்தப் பையனாக நான் இரண்டு மூன்று வருஷம் இருந்திருக்கிறேன்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் அவருக்குப் பலசரக்குக் கடை. ஊரார் அவரை அண்ணாச்சி என்பார்கள். பங்குனி பிறந்து பத்து நாள் சென்றதும் வருஷக் கணக்கை முடிக்கிற ஆயத்தங்கள் தொடங்கிவிடும். ஏணி போட்டு மேல் பரணில் ஏறுவார்கள். போன வருஷம் காணாமற்போன ஊறுகாய் ஜாடியும், எலி கடித்த சாக்கும், எவரும் கேட்டு வாங்காத ஒரு பெட்டி பற்பொடியும் இறங்கி வரும். திறந்த மூட்டைகளை எல்லாம் மறுபடி தராசில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பார்கள். வெல்லம் கசிந்து எடை குறைந்திருக்கும். உப்பு ஈரம் வாங்கி எடை கூடியிருக்கும். "உப்பு கொடுத்ததை வெல்லம் தின்னுட்டுது" என்று பெரியப்பா வருஷந்தவறாமல் சொல்லுவார். நாங்களும் வருஷந்தவறாமல் சிரிப்போம்.

இன்னொரு மூலையில் கணக்கப்பிள்ளை பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பற்று வைத்து வாங்கியவர்களின் பாக்கியைக் கூட்டுவார். பாக்கிதாரர் வீடுகளுக்குப் பையன்களை அனுப்புவார்கள். "பணம் கொண்டு வாருங்கள்" என்று சொல்லக் கூடாது. "சித்திரை ஒண்ணாந் தேதி புதுக்கணக்கு, பெரியப்பா வரச் சொன்னாக" என்று மட்டுமே சொல்ல வேண்டும். அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும்.

சித்திரை முதல் நாள், நான்கு முனையிலும் மஞ்சள் தடவிய புதுப் பேரேட்டில் பிள்ளையார் சுழி விழும். வந்தவர்களுக்குப் பானகமும் வெற்றிலை பாக்கும் உண்டு. முழுப் பாக்கியும் கொடுப்பவர்கள் சிலரே. பாதி கொடுப்பவர்களும், ஐந்து ரூபாயைத் தட்டில் வைத்துவிட்டு "அறுப்பு முடியட்டும், அண்ணாச்சி" என்கிறவர்களுமே அதிகம். எவ்வளவு கொடுத்தாலும் அவரவர் பக்கத்தைப் பிரித்துக் கணக்கப்பிள்ளை உரக்க வாசிப்பார். கொடுத்தவர் கண்ணெதிரே வரவு எழுதி, மிச்சம் இன்னதென்று சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் அது புதுப் பேரேட்டுக்குப் போகும். வருஷம் முடிந்தது என்பதற்கு எங்கள் கடையில் இதுவே அர்த்தம்.

சின்ன ஊர்தான், ஆனாலும் அதற்குள்ளே எத்தனை வருஷங்கள் இருந்தன என்று இப்போது எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். கி.பி. 825-ல் ஆரம்பித்த அந்த ஆண்டு எங்கள் பக்கத்தில் ஆவணியில் பிறக்கும். கிராமக் கணக்கில் பசலி ஆண்டு. அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி ஏற்படுத்திய வழக்கம் அது. சென்னை ராஜதானியில் முதலில் ஆடி மாதம் முதல் தேதியில் தொடங்கியது. 1855-ல் அதை ஜூலை 1 ஆக்கினார்கள். ஜமாபந்திக்குப் பசலி, பத்திரத்துக்குக் கொல்லம், பள்ளிக்கூடத்துக்கு ஜூன், கடைக்குச் சித்திரை. இத்தனைக்கும் மேலே சர்க்கார் வருஷம் என்று ஒன்று, ஏப்ரல் 1-ந் தேதி பிறந்து மார்ச் 31-ந் தேதி முடிவது. மற்ற வருஷங்கள் எல்லாம் ஏதோ ஒரு விளைச்சலையோ சூரியனையோ பார்த்துப் பிறந்தவை. இந்த ஏப்ரல் வருஷம் யாரைப் பார்த்துப் பிறந்தது?

அது இங்கிலாந்தைப் பார்த்துப் பிறந்தது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மார்ச் 25-ந் தேதிதான் வருஷப் பிறப்பு. குத்தகைப் பணமும் கடன் பாக்கியும் அன்றைக்குத்தான் தீர்ப்பார்கள். 1752-ல் அந்தத் தேசத்தார் பழைய பஞ்சாங்கத்தை விட்டுப் புதிய பஞ்சாங்கத்துக்கு மாறியபோது, செப்டம்பர் 2-ந் தேதிக்கு மறுநாளை 14-ந் தேதி என்று வைத்தார்கள். நடுவில் 11 நாட்கள் காற்றில் போயின. ஆனால் வரி வாங்குகிறவன் 11 நாளை விட்டுக்கொடுப்பானா? வரி வருஷத்தை அந்த 11 நாளும் பின்னுக்குத் தள்ளி ஏப்ரலுக்குக் கொண்டு போனார்கள். இன்றும் அங்கே தனிமனிதரின் வருமான வரி வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி பிறந்து ஏப்ரல் 5-ந் தேதி முடிகிறது. அவர்களுடைய கஜானாவின் வரவு செலவு வருஷம் மட்டும் பிற்பாடு மார்ச் 31-க்கு வந்து சேர்ந்தது. இந்தியாவில் சர்க்கார் வருஷம் முன்பு மே 1-ந் தேதி தொடங்கிக்கொண்டிருந்தது. 1867-ல் அதை லண்டன் கஜானாவோடு ஒத்துப் போகும்படி ஏப்ரல் 1 ஆக்கிவிட்டார்கள். நம்முடைய சித்திரைப் பிறப்புக்கு இவ்வளவு அருகில் வந்தும் பதின்மூன்று நாள் முன்னதாக நின்றுவிட்டதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

இதற்குள் வருமான வரியும் வந்து போயிருந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 'எகானமிஸ்ட்' பத்திரிகையை 1843-ல் ஆரம்பித்தவர் என்று பொருளாதாரம் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். அவர் இளமையில் தொப்பி செய்து விற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. பதினாறு வயதில் தொப்பிக்காரரிடம் தொழில் பழகி, அப்பா வாங்கிக் கொடுத்த தொழிலைத் தம்முடைய சகோதரரோடு நடத்தி, லண்டனுக்குப் போய்ப் பணக்காரராகி, பிறகு வியாபாரத்தில் பெருநஷ்டமும் கண்டவர். சிப்பாய்க் கலகத்துக்குப் பின் இந்திய சர்க்காரின் கஜானா காலியாகக் கிடந்தபோது, அதை நிரப்ப வேண்டும் என்று அவரை 1859-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 1860 ஜூலை 24-ந் தேதி வருமான வரிச் சட்டம் ஆயிற்று. வருஷத்துக்கு 200 ரூபாய் வருமானம் உள்ளவனும் அதற்குத் தப்பவில்லை. 500 ரூபாய் வரைக்கும் நூற்றுக்கு இரண்டு, அதற்கு மேலே நூற்றுக்கு நாலு. சட்டம் பிறந்த பதினெட்டாம் நாள், ஆகஸ்ட் 11-ந் தேதி, வில்சன் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு நோயால் காலமானார். அவர் உத்தேசித்த வரியில் ஒரு காசு வசூலானதைக்கூட அவர் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

அந்தச் சட்டத்தை முழுமூச்சாக எதிர்த்தவர் ஓர் இந்தியர் அல்ல. நம்முடைய சென்னைக் கவர்னர் சர் சார்லஸ் ட்ரெவிலியன். மெக்காலேயின் தங்கையை மணந்தவர். இந்த ஜனங்களுக்கு இந்த வரி ஒத்து வராது, வரியைக் கூட்டுவதற்குப் பதில் பட்டாளச் செலவைக் குறையுங்கள் என்பது அவர் கட்சி. அதைச் சர்க்காருக்குள்ளே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். தம் ஆட்சேபணைக் குறிப்பைச் சென்னைப் பத்திரிகைகளிலேயே வெளியிட்டுவிட்டார். மேலதிகாரியோடு பத்திரிகை வாயிலாகச் சண்டை போட்டால் என்ன ஆகும்? 1860-லேயே சீமைக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கதை அத்தோடு முடிந்திருந்தால் நாவலாசிரியனுக்கு அதில் வேலை இல்லை. வில்சன் வகித்த அதே நிதி மந்திரி பதவிக்கு ட்ரெவிலியனையே நியமித்து, 1863-ல் அவர் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். அவர் பதவியில் இருந்த காலத்தில், 1865-ல், அந்த வருமான வரி காலாவதியாயிற்று.

போன வரி வேறு வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. தொழில் வரி, லைசென்ஸ் வரி என்று பலவாறாகப் பெயர் மாறி, கடைசியில் 1886-ல் நிலையாக உட்கார்ந்துவிட்டது. அந்த விவரங்களுக்குள் நான் போகவில்லை. எங்கள் பெரியப்பா கடைக்குச் சம்பந்தப்பட்டது 1922-ம் வருஷத்துச் சட்டம்.

அதை எழுதியவர்கள் யாரோ, வியாபாரிகளை நன்றாக அறிந்தவர்கள். வரி போடுகிற வருஷத்துக்கு முந்தின வருஷத்து வருமானத்துக்குத்தான் வரி. அந்த முந்தின வருஷம் எது? மார்ச் 31-ந் தேதியோடு முடிந்த பன்னிரண்டு மாதம் என்று முதலில் சொன்னார்கள். உடனேயே, ஒருவர் வேறொரு தேதியில் கணக்கு முடிக்கிற வழக்கம் உடையவராக இருந்தால், அவர் விருப்பப்படி அந்தத் தேதியோடு முடிந்த வருஷத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்தார்கள். ஒரு தடவை எடுத்துக்கொண்ட வருஷத்தை அதிகாரியின் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது, அவ்வளவுதான். குஜராத்தி வியாபாரி தீபாவளியன்று லட்சுமி பூஜை செய்து கணக்கு முடிக்கலாம். எங்கள் பெரியப்பா பங்குனிக் கடைசியில் முடிக்கலாம். ஒரு சாம்ராஜ்யம் ஒரு மளிகைக் கடைக்காரனைப் பார்த்து, "உன் வருஷத்தை நீயே வைத்துக்கொள்" என்று சொன்னது எவ்வளவு பெரிய காரியம்! சுதந்திர இந்தியா 1961-ல் இயற்றிய சட்டமும் இந்தச் சலுகையைத் தொடவில்லை.

ஆனால் மார்ச் 31 என்ற தேதி வேறு வாசல்களின் வழியாகக் கடைக்குள் நுழைந்துகொண்டுதான் இருந்தது. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி, அதனால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரியைப் போட்டார். இந்தியாவில் அம்மாதிரிப் பொதுவான விற்பனை வரிக்குச் சென்னை ராஜதானிதான் முன்னோடி. வருஷத்தில் 10,000 ரூபாய்க்குக் குறைவாக விற்றவனுக்கு விலக்கு. 20,000 வரை மாதம் ஐந்து ரூபாய். அதற்கு மேல் விற்பனையில் நூற்றுக்கு அரை ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் தான் எவ்வளவு விற்றோம் என்பதை நாள்தோறும் எழுதி, ஏப்ரல் முதல் மார்ச் வரை கூட்டிக் காட்டுகிற பழக்கத்தை எத்தனையோ சின்னக் கடைக்காரர்களுக்கு அந்த வரிதான் கற்றுக்கொடுத்தது. அதுவரை லாபம் தெரியும், பாக்கி தெரியும். மொத்த விற்பனை என்ன என்று எவன் கேட்டான்?

பிறகு 1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்தது. பதினாறு அணா நூறு பைசாவாயிற்று. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவை என்ன செய்வது என்று கடை கடையாகச் சண்டை நடந்ததாகப் பெரியப்பா சொல்லுவார். அவர் அப்போது சிறு பையன். அவருடைய அப்பா பேரேடு முழுவதையும் சித்திரைக்குப் புதுக்காசில் மாற்றி எழுதியபோது, ஒவ்வொரு பாக்கியிலும் கால் பைசா அரைப் பைசாவைத் தாமே தள்ளிக் கொடுத்துவிட்டாராம். அதனால் மொத்தத்தில் போனது இரண்டே ரூபாய். வந்த நல்ல பேர் இருபது வருஷத்துக்கு வந்தது என்பார்.

இனி 1989-க்கு வருகிறேன்.

அவரவர் வருஷத்தை அவரவர் வைத்துக்கொள்ளும் சலுகையில் ஒரு சூட்சுமம் இருந்தது. 1988 மார்ச் 31-ந் தேதி கணக்கு முடித்தவன், அந்த லாபத்துக்கு உடனே தொடங்குகிற வருஷத்தில் மதிப்பீட்டுக்கு ஆளாவான். அதற்குப் பதின்மூன்று நாள் கழித்துச் சித்திரையில் கணக்கு முடித்தவனோ இன்னும் ஒரு முழு வருஷம் தள்ளித்தான் மாட்டுவான். பதின்மூன்று நாள் தாமதத்துக்குப் பன்னிரண்டு மாதத் தவணை! எங்கள் பெரியப்பாவின் சித்திரை பக்தியில் இந்தத் தவணைக்கு எவ்வளவு பங்கு என்று நான் அவரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "ரெண்டும் சாமி கொடுத்ததுதானே" என்று சொல்லியிருப்பார். பெரிய முதலாளிகள் இதில் இன்னும் கெட்டிக்காரர்கள். ஒரே குடும்பத்தின் நாலு கம்பெனிக்கு நாலு வருஷ முடிவை வைத்துக்கொண்டு, லாபத்தைப் பந்து மாதிரி உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகப் போட்ட கதவு எல்லார் மூக்கிலும் இடித்தது என்பது என் அபிப்பிராயம். 1987-ல் பார்லிமெண்டு ஒரு திருத்தச் சட்டம் செய்தது. 1989 முதல் இந்தியா முழுவதற்கும், எல்லாருக்கும், ஒரே வருஷ முடிவு: மார்ச் 31.

பழைய வருஷத்திலிருந்து புதிய வருஷத்துக்கு எப்படித் தாவுவது? அங்கேதான் வேடிக்கை. பெரியப்பாவின் வருஷம் 1987 ஏப்ரல் 14-ந் தேதி, பிரபவ வருஷம் பிறந்த அன்று, தொடங்கியிருந்தது. அறுபது வருஷச் சுற்றில் அதுதான் முதல் வருஷம். புதிய சட்டப்படி அந்த வருஷம் 1989 மார்ச் 31-ல்தான் முடிய வேண்டும். இருபத்து மூன்றரை மாதம்! பிரபவவும் விபவவும் சேர்ந்து ஒரே வருஷம். இரண்டு வருஷத்து லாபம் ஒன்றாக விழுந்தால் வரி விகிதம் ஏறிவிடுமே என்று, அதைச் சரிக்கட்டுவதற்காகச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணையே சேர்த்திருந்தார்கள்.

எனக்கு அப்போது வயது பத்து. அந்த மார்ச் மாதம் கடையில் ஒரு கலகலப்பும் இல்லை. பங்குனியில்தான் புதுப் புளியும் மிளகாயும் வரும். வீட்டுக்கு வீடு வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிப் போடுவார்கள். வழக்கமாகக் கணக்கு முடிக்கிற நாளுக்குள் பாதிச் சரக்கு போயிருக்கும். இப்போது மூட்டை பிரிக்கும் முன்பே எண்ண வேண்டியதாயிற்று. வாங்கின விலை, அன்றைய சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதைப் போடு என்றார்கள். கடைக்குப் போனவர்களிடம், "புதுக்கணக்குக்கு வா" என்று சொல்லவும் முடியவில்லை. எந்தத் தேதியைச் சொல்வது?

திருநெல்வேலியிலிருந்து ஆடிட்டர் வந்தார். நல்ல மனிதர். பேரேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். தேரடியில் இட்லிக் கடை வைத்திருந்த ஆச்சியின் பக்கம் அது. உளுந்தும் அரிசியும் எண்ணெயும் பற்று வைத்து வாங்குவாள். போன ஐப்பசி மழையில் கடைச் சுவர் விழுந்துவிட, மகள் வீட்டுக்குத் தூத்துக்குடி போனவள் திரும்பவில்லை. பாக்கி 860 ரூபாய்.

"இதை வாராக் கடன்னு எழுதிடுங்க, அண்ணாச்சி" என்றார் ஆடிட்டர். "முன்னே எல்லாம் கடன் வராதுன்னு நிரூபிக்கணும். இந்த மதிப்பீட்டிலிருந்து அது வேண்டாம். புஸ்தகத்திலே தள்ளி எழுதினாலே போதும். வரியிலே இருநூறு ரூபாய் அளவுக்குக் குறையும்."

அவர் சொன்னது உண்மை. மார்ச் 31-ஐத் திணித்த அதே திருத்தத்தோடு அந்தச் சலுகையும் வந்தது. கடனை வாராதது என்று கணக்கில் தள்ளி எழுதினால் போதும் என்பதைச் சுப்ரீம் கோர்ட்டும் பிற்காலத்தில், 2010-ல், உறுதி செய்தது.

பெரியப்பா பேசாமல் இருந்தார். "வராத பணத்துக்கு வரி கட்டுவீங்களா?" என்றார் ஆடிட்டர்.

"வராதுன்னு நான் சொல்லலையே, சார்."

"எழுதின பிறகு ஆச்சி வந்து கொடுத்தா, அந்த வருஷத்து வரவிலே காட்டிக்கலாம். சட்டத்திலே அதுக்கும் இடம் இருக்கு."

"சட்டத்திலே இருக்கும். ஆச்சி வந்து திண்ணையிலே உட்கார்ந்து, என் பக்கத்தை வாசின்னு சொன்னா, கணக்கப்பிள்ளை என்னத்தை வாசிப்பாரு?"

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருநூறு ரூபாய் பெரியப்பாவுக்குச் சின்னத் தொகை அல்ல. 18,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவனுக்கு வரி இருந்த காலம். அந்தக் கோட்டைத் தாண்டி ரொம்ப தூரம் போனவர் அல்ல அவர். கணக்கப்பிள்ளை எழுதட்டுமா என்பதுபோல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா பக்கத்தைத் தாமே புரட்டி, "அடுத்தது" என்றார்.

அந்த வருஷம் சித்திரை முதல் நாளும் புதுக்கணக்கு நடந்தது. பானகம் இருந்தது, மஞ்சள் இருந்தது. ஆனால் பேரேடு பதின்மூன்று நாளுக்கு முன்பே திறந்து எழுதிய பேரேடு. கணக்கப்பிள்ளை பிள்ளையார் சுழியின் மேலேயே இன்னொரு பிள்ளையார் சுழி போட்டதை நான் பார்த்தேன்.

பெரியப்பா இறந்த பிறகு பழைய பேரேடுகளைப் புரட்டுகிற சந்தர்ப்பம் ஒரு தடவை வாய்த்தது. தேரடி ஆச்சியின் பெயர் வருஷா வருஷம் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 860, 860, 860. 1992-ல் மட்டும் ஒரு வரவு: ரூ. 100, மகள் கையில். அதற்கப்புறம் 760 என்று 1999 வரை போகிறது. அதோடு பெரியப்பாவின் கையெழுத்தும் நின்றுவிடுகிறது.

கடையை இப்போது அண்ணன் நடத்துகிறான். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து கணக்கு எல்லாம் கம்ப்யூட்டரில். 2025-ல் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. முந்தின வருஷம், மதிப்பீட்டு வருஷம் என்று வியாபாரிகளை அறுபது வருஷத்துக்கு மேல் குழப்பிய இரட்டைப் பெயர்களைத் தள்ளிவிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் 'வரி வருஷம்' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். பேர் நன்றாகத்தான் இருக்கிறது என்றான் அண்ணன்.

சித்திரைக்கு அவன் இன்னும் ஒரு நோட்டு வாங்குகிறான். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, அன்று முதலில் வருகிற ஆளின் வரவை அதில் எழுதுகிறான். மறுநாள் முதல் அதில் எழுத ஒன்றும் இல்லை. போன தடவை நான் போயிருந்தபோது அவன் மகள் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நோட்டில்தான், இரண்டாம் பக்கத்திலிருந்து.